நாலாம் மாடியில் ஆளில்லாத மூலை

அவர் பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயரை எங்காவது போடவேண்டி வந்தால் "எதுக்கும்மா என் பேரெல்லாம்" என்று கூசிப்போகிறவர் அவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வயதைப் பார்த்தால் அம்மா என்று கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அலுவலகம் என்றால் எல்லாரும் அக்காதான்.

பெனாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், அக்கரையிலிருந்து வரும் ஃபெரி இறங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் எனக்கு வேலை. கட்டடத்தின் மின்சாரச் செலவைக் குறைப்பது என் பொறுப்பு. நான் சேர்ந்த வருடம்தான் எல்லா மாடிகளிலும் பழைய குழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு, தானாக எரிந்து தானாக அணையும் விளக்குகளைப் போட்டார்கள். கூரையில் சின்னச் சின்ன வெள்ளைச் சென்சார்கள். கீழே ஆள் அசைந்தால் விளக்கு எரியும். இத்தனை நிமிடம் அசைவே இல்லையென்றால் அணைந்துவிடும். அந்த 'இத்தனை நிமிடம்' எவ்வளவு என்று முடிவு செய்வது நான். தரைக்கடியில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய சிறிய அறையில், கணினி முன்னால் உட்கார்ந்து முடிவு செய்வேன்.

முதலில் எல்லா இடத்திலும் இருபது நிமிடம் வைத்திருந்தார்கள். நான் அதைப் பத்தாக்கினேன். மாத அறிக்கையில் கோடு சட்டென்று இறங்கியது. மேனேஜர் என் மேசைக்கே வந்து, கைகொடுத்துவிட்டுப் போனார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நாலு வருடம் தொழிற்சாலை ஷிப்டில் கிடந்தவள் நான். அந்தக் கைகொடுத்தலை இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அக்காவை முதன்முதலில் பார்த்தது அதற்கு அடுத்த வாரம். நாலாம் மாடியில் ஒரு மூலை விளக்கு மட்டும் ஒரே நாளில் நாற்பது முறை எரிந்து அணைந்ததாகக் கணினி காட்டியது. மற்ற இடங்களில் ஐந்து, ஆறு. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நாலாம் மாடி ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்துடையது. பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறும் பெட்டிகளுக்கான தாள்கள் அங்கேதான் தயாராகும். முன்பக்கம் ஒரே பேச்சும் தொலைபேசியுமாக இருந்தது. பின்பக்கம், ஆள் உயரக் கோப்பு அலமாரிகளைத் தாண்டினால், ஜன்னல் இல்லாத மூலை. அங்கே விளக்கு அணைந்திருந்தது. ஆள் இல்லை என்று நினைத்து ஏணியை விரித்தேன்.

"பாத்தும்மா, கீழ வயர் ஓடுது" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

பயந்துபோய்த் திரும்பினேன். மேசைக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு அம்மாள். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். வெளிறிய நீலத்தில் பஞ்சாபி சூட். முன்னால் விரித்த தாளில் ஒரு வரிக்குக் கீழே இரும்பு ஸ்கேல். அவர் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி இரண்டு தடவை ஆட்டினார். விளக்கு எரிந்தது.

"இப்படி ஆட்டுனா வந்துடும்" என்றார். கண்டுபிடித்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ ஆட்டுறீங்களாக்கா?"

"எண்ணிப் பாக்கலம்மா."

அவருடைய வேலை தாள்களை ஒப்பிடுவது. பெட்டி எண், எடை, சரக்கின் பெயர் எல்லாம் இந்தத் தாளிலும் அந்தத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்ப்பார். ஒரு எண் மாறினாலும் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். அதனால் உதடுகூட அசையாமல் படிப்பார். கண் மட்டும் நகரும். கண் நகர்வதைக் கூரையில் இருக்கும் சென்சார் எப்படிப் பார்க்கும்? போதாததற்கு அலமாரி வேறு பாதி உடம்பை மறைத்தது.

"ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் பிஸியா இருக்காங்க. இதுக்குப் போய் ஒரு ஆள வரச் சொல்றதா? பரவால்லம்மா."

நான் பார்த்துச் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரிசெய்வது பெரிய காரியமில்லை. அந்த ஒரு விளக்கை மட்டும் தனியாகப் பிரித்து, வேலை நேரம் முழுவதும் எரியட்டும் என்று வைக்க இரண்டு நிமிடம் போதும். அன்றைக்கு வேறு வேலை வந்தது. மறுநாள் மறந்துபோனேன். அதற்கடுத்த நாள் ஞாபகம் வந்தது. ஆனால் நாலாம் மாடிதான் கட்டடத்திலேயே அதிகம் மிச்சப்படுத்துகிறது என்று அன்று காலைதான் மேனேஜர் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அக்காவே பரவாயில்லை என்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

'பரவால்லம்மா' என்பது அவருக்கு வெறும் வார்த்தையில்லை. முழு ஆளும் அதில்தான் நின்றார். கீழே இருக்கும் கோப்பிக் கடையில் அவர் ஒருநாள் கறுப்புக் கோப்பி கேட்டிருக்கிறார். கடைக்காரச் சீனப் பெரியவர் காதில் சரியாக விழாமல், பால் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அக்கா குடித்துவிட்டார். மறுநாள் இவர் வாய் திறப்பதற்குள் அவர் ஞாபகமாகப் பால் கோப்பியையே நீட்டினார். அதையும் குடித்தார். பதினோரு வருடமாக அதையே குடிக்கிறார். பால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

"இப்ப போய்ச் சொன்னா பாவம், அவருக்கு ஒரு மாதிரி ஆயிடும்" என்றார்.

"உங்க வயிறுக்கா!"

"அது பழகிருச்சு லா."

நாங்கள் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தது எப்படி என்று நினைவில்லை. அந்த மாடியில் தமிழ் பேச அவருக்கு ஆளில்லை. எனக்கும் தரைக்கடியில் பேச ஆளில்லை. என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார், மாதம் ஒருமுறை வருவார். மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போவேன். அவர் பேசுவது கொஞ்சம். கேட்பது அதிகம். நான் சொன்ன சின்ன விஷயங்களைக்கூட ஞாபகம் வைத்திருப்பார். போன வாரம் பல் வலி என்றாயே, போய்விட்டதா என்பார். கேட்டதற்கு ஆமாம் சொல்லும்போது மட்டும் 'ஓம்' என்பார். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிளார்க்காக வந்தவர். பேச்செல்லாம் எங்கள் பேச்சாக மாறிய பிறகும் அந்த ஒரு 'ஓம்' மட்டும் அந்தக் குடும்பத்தில் தங்கிவிட்டது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "அப்பா படுத்துட்டாரு, பெறகு அம்மா. நடுவுல யாரும் கேக்கல, நானும் கேக்கல" என்றார். தம்பி ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அம்மா போன பிறகு வீடு கைமாறியது. அக்கா ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தானாம். ஆனால் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அறைக் கதவைச் சாத்தினால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று கதவையும் சாத்தமாட்டார்.

எரிசக்தி சேமிப்பில் எங்கள் கட்டடத்துக்கு ஒரு பாராட்டு கிடைத்தது. நாலாம் மாடிக்காரர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து, கீழ்த்தளக் கூடத்தில் மாட்டினார்கள். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கிற படம். அக்கா அதில் இல்லை. தொலைபேசியைக் கையில் வாங்கிப் படம் எடுத்ததே அவர்தான். "யாராவது எடுக்கணும்ல" என்றார். அங்கே இருந்த யாருக்கும், இன்னொரு படம் எடுப்போம், நீங்களும் வந்து நில்லுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அன்று நானும் அங்கேதான் இருந்தேன்.

பிறகுதான் சனிக்கிழமை விஷயம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமைகளில் கட்டடமே மூடியிருக்கும்போது நாலாம் மாடியில் ஒரு விளக்கு எரிகிறது, யாரென்று பார், தேவையில்லாமல் யாரும் வரக்கூடாது, அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றார். எந்த விளக்கு என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

மதியம் அக்காவிடம் கேட்டேன். முகம் சிறுத்துப்போனது.

"வேல செய்யத்தான் வரேன்மா. கொஞ்சம் முன்கூட்டியே பாத்து வச்சா திங்கக்கெழம லேசா இருக்கும்."

"ஓவர்டைம் போடுறீங்களா?"

"சே, சே. அதெல்லாம் இல்ல." கொஞ்ச நேரம் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "ரூம்ல சும்மா உக்காந்திருந்தா அது சும்மா உக்காந்திருக்கிறது. இங்க உக்காந்திருந்தா வேல பாக்குற மாதிரி இருக்கு. சிரமம்னா நிறுத்திடுறேன்மா. உனக்கு ஏதும் ஏச்சு விழுந்துடப் போவுது."

கடிதம் போனால் அவருடைய மேலாளர் கேட்பார். அந்த வயதில் அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பார்கள். எனக்கு மனது வரவில்லை. மேனேஜரிடம் போய், அது சென்சார் கோளாறு, ஆளெல்லாம் இல்லை, நான் சரிசெய்துவிடுகிறேன் என்று பொய் சொன்னேன். பொய் நிற்கவேண்டுமே. அதனால் அந்த மூலைக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் ஐந்து நிமிடம் என்று வைத்தேன். ஐந்து நிமிடம் அசைவில்லையென்றால் அணைந்துவிடும். அறிக்கையில் ஒன்றும் தெரியாது.

"சனிக்கெழம அஞ்சு நிமிஷம்தான்க்கா. அடிக்கடி கையத் தூக்கணும்."

"ஓம், ஓம். பரவால்லம்மா. எக்சர்சைஸ் மாதிரி."

"ஜன்னல் பக்கம் வேற யார் மேசையிலயாவது உக்காந்துக்கலாமே. வெளிச்சம் இருக்கும்."

"அது அவங்க இடம்மா."

அவருக்கு உதவி செய்துவிட்டதாகவே அன்று நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. உதவி செய்திருக்கலாம். சனிக்கிழமைகளில் வர அவருக்கு அனுமதி கேட்டு வாங்கியிருக்கலாம். சனிக்கிழமை வாருங்கள் என்று என் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம். நான் செய்தது அவர் அங்கே இருப்பதை யாரும் பார்க்காதபடி செய்தது.

என் தொலைபேசியிலும் அந்த விளக்குகளைப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை, அக்கரையில், பாகான் டாலாமில் என் வீட்டில் துணி துவைத்துக்கொண்டோ கறி நறுக்கிக்கொண்டோ இருப்பேன். நடுநடுவே திறந்து பார்ப்பேன். ஒன்பது மணி வாக்கில் நாலாம் மாடி லிஃப்டு வாசல் விளக்கு எரியும், அக்கா வந்துவிட்டார். பிறகு மூலை விளக்கு. எரியும், அணையும். எரியும், அணையும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கை தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிவது எனக்குத் துணையாக இருந்தது. அவருக்கு இது தெரியாது. சொன்னால், உனக்கு ஏன் சிரமம் என்பார் என்று சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது பன்னிரண்டுக்கு மூலை விளக்கு எரிந்தது. ஒன்பது பதினேழுக்கு அணைந்தது. அதற்குப் பிறகு எரியவில்லை.

பத்து மணிக்குப் பார்த்தபோது, சீக்கிரம் கிளம்பிவிட்டார் போல என்று நினைத்தேன். 'ஆளில்லை' என்று திரை காட்டியது. சோறு வைத்தேன். பத்தரைக்கு மறுபடி பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கிளம்பியிருந்தால் லிஃப்டு வாசல் விளக்கு எரிந்திருக்கவேண்டும். அது காலையில் அவர் வந்தபோது எரிந்ததோடு சரி.

அக்காவுக்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். உடனே காவலுக்கு இருந்த நேப்பாளிக்கு அடித்து, நாலாம் மாடிக்குப் போகச் சொன்னேன். லிஃப்டில் ஏறிப் போய், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "காக், சினி கெலாப் லா. ஓராங் தாடா" என்றார். இருட்டாக இருக்கிறது, யாரும் இல்லை என்கிறார்.

"உள்ள போங்க! கதவத் தெறந்து உள்ள போங்க!" நான் தமிழில் கத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பிறகு மலாயில் சொன்னேன். பின்பக்கம், அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றேன்.

அவர் நடக்கும் சத்தம் கேட்டது. அவர் நடக்க நடக்க என் இன்னொரு கையில் இருந்த திரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. முன்பக்கம், நடுப்பக்கம், அலமாரி வரிசை. கடைசியில் அந்த மூலை எரிந்தது. காவலாளி ஏதோ நேப்பாளியில் அலறினார்.

அக்கா மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. இடது பக்கம் வேலை செய்யவில்லை. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அப்படியே கிடந்திருக்கிறார், இருட்டில்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, ஃபெரிக்கு ஓடினேன். ஃபெரி நிதானமாகத்தான் போனது. என்னைச் சுற்றி எல்லாரும் பெனாங்கு பார்க்க வந்தவர்கள், படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் தொலைபேசியை நீட்டி எங்களைப் படம் எடுக்கிறீர்களா அக்கா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் உறவு என்ன என்று கேட்டார்கள். தங்கச்சி என்றேன். மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயால் அவர் முதலில் சொன்னது, "உனக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்."

"போன் அடிச்சேன்க்கா."

"கேட்டுச்சு. நீதான்னு தெரியும். சனிக்கெழம எனக்கு வேற யாரு அடிப்பாங்க? எட்டல."

"கத்தியிருக்கலாமேக்கா!"

"யாருமே இல்லையே. யார கூப்புட்டு கத்துறது?"

மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஐந்து நிமிடம் வைத்தது நான்தான், கோளாறு என்று சொன்னது பொய் என்று சொன்னேன். எழுத்தில் கொடு என்றார். கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. எல்லா மாடிகளிலும் பழையபடி இருபது நிமிடமாக்கச் சொன்னார்கள். நாலாம் மாடியில் அக்காவின் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அலமாரியை வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மூலை விளக்கு எரிவதே அரிதாகிவிட்டது. அறிக்கையில் நாலாம் மாடி மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவிலிருந்து தம்பி தொலைபேசியில் முகம் காட்டிப் பேசினார். அவர் ஏற்பாட்டில் அக்காவைக் கெப்பாலா பத்தாஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் பஸ் ஏறிப் போவேன். வயலைப் பார்த்த நீளமான கூடம். பத்துப் பன்னிரண்டு கட்டில்கள்.

இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போனபோது அக்கா கேட்டார்:

"அந்த லைட்ட அணையாம வச்சிருக்க முடியுமாம்மா? சும்மாதான் கேக்குறேன்."

"முடியும்க்கா."

"கஷ்டமா?"

"ரெண்டு நிமிஷ வேல."

அவர் கோபப்படவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் கேக்கவே இல்லையே" என்றார். "கேட்டிருந்தா செஞ்சிருப்ப இல்ல?"

"செஞ்சிருப்பேன்க்கா."

அதைக் கேட்டு அவர் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். நான் கிளம்ப எழுந்தபோது, வேலை செய்த அந்த வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொஞ்சம் இருந்துட்டுப் போறியா?"

அவர் தனக்காக என்னிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான். உட்கார்ந்தேன். கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். இரண்டு பஸ் போனது.

அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார். கேட்கப் பழகிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த வாரம் நல்ல சீப்பு ஒன்று கொண்டுவரச் சொன்னார். அதற்கடுத்த வாரம் தேங்காய் போட்ட மீன் குழம்பு. உப்புக் கம்மி என்று அதில் குறையும் சொன்னார்! ஒருநாள் அங்கே வேலை பார்க்கும் நர்ஸ், தமிழ்ப் பெண்தான், என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"உங்க அக்கா பெரிய ரோதனயா இருக்காங்க லா. ஜன்னலத் தெறங்கறாங்க, மூடுங்கறாங்க. தலகாணிய மாத்துங்கறாங்க. கட்டிலயே ஜன்னலோரம் நவுத்துங்கறாங்க. பக்கத்துக் கட்டில் பாட்டி பாட்டே போட முடியல. வந்தப்போ எவ்ளோ சாதுவா இருந்தாங்க!"

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். உள்ளே போனபோது அக்கா ஜன்னலோரம், முடியை ஒழுங்காக வாரிக்கொண்டு, மகாராணி மாதிரி சாய்ந்து படுத்திருந்தார். கட்டிலை உண்மையிலேயே நகர்த்தியிருந்தார்கள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது அவர் கேட்டார்:

"உன் வீட்டுக்கு ஒரு நாள் வந்து இருக்கட்டுமாம்மா? ஒரே ஒரு நாள். சனிக்கெழம கூட்டிட்டுப் போயிட்டு, ஞாயித்துக்கெழம கொண்டாந்து விட்டுடு. இங்க கேட்டுட்டேன், ஆள் கூட இருந்தா விடுவாங்களாம்."

முன்கூட்டியே எல்லாம் விசாரித்து வைத்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். நான் எங்கள் வீட்டுக் குளியலறைப் படியை நினைத்தேன். தீபாவளிக்கு வரும் கணவரை நினைத்தேன். அவர் வந்தால் நாலு நாள்தான் இருப்பார். சக்கர நாற்காலியை எந்தக் காரில் ஏற்றுவது என்றும் நினைத்தேன்.

"தீபாவளி முடியட்டும்க்கா. முடிஞ்ச மறு சனிக்கெழமயே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"ஓம். அப்ப சரி."

இந்த முறை அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அதையே நினைவுபடுத்தினார். உங்கள் வீட்டுக்கு முன்னால் கடல் தெரியுமா, துறைமுகத்தில் பெட்டி ஏற்றுவதைப் பார்க்கலாமா, அத்தனை வருடம் தாளில்தானே பார்த்தேன் என்றார். பார்க்கலாம் என்றேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலை இல்லத்திலிருந்து போன் வந்தது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். கணவர் காரை எடுத்தார். போய்ச் சேர்ந்தபோது தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன்.

அந்த நர்ஸ் அவருடைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். சீப்பு, கண்ணாடி, தம்பி அனுப்பிய வாழ்த்து அட்டை. பிறகு, இதுவும் அவங்களோடதுதான் என்று கட்டில் பக்கத்துக் கம்பியில் தொங்கிய ஒரு பஞ்சாபி சூட்டை எடுத்துவந்தாள். மஞ்சளில் சின்னச் சின்னப் பூப் போட்டது. அவரை நான் அந்த மாதிரி நிறத்தில் பார்த்ததேயில்லை.

"சனிக்கெழமைக்குன்னு போன வாரமே அயர்ன் பண்ணி மாட்டி வைக்கச் சொல்லிட்டாங்கக்கா" என்றாள். "ஒரு தடவ பண்ணிக் குடுத்தேன். மடிப்பு சரியில்லன்னு மறுபடியும் பண்ணச் சொன்னாங்க."